குடத்துக்குள் ஒரு நாகம், மலைக்குள் ஒரு முரோஜி – தெரியுமா?

ஜப்பான் தேசியப் பொக்கிஷமாகப் போற்றிக் காக்கும், வெட்டவெளியில் நிற்கும் ஐந்தடுக்குப் பகோடாக்களிலேயே மிகச் சிறியது எவ்வளவு உயரம் தெரியுமா? 16 மீட்டர். அவ்வளவுதான்! தோப்பில் நெடுநெடுவென்று வளர்ந்த தென்னை ஒன்றைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தினால் பகோடாதான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும். (டீக்கடைப் பக்கோடாவை நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது புத்த கோயில்களில் கூரைமேல் கூரையாக அடுக்கிக் கட்டும் கோபுரம்.)

ஆளைப் பார்த்து எடை போடாதீர்கள். வயதைக் கேட்டால் வாயைப் பிளப்பீர்கள். 800-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டிய மரக்கட்டடம் இது! பூகம்பமும் புயலும் உறவுக்காரர் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் வந்துபோகிற நாட்டில் 1,200 வருஷமாக நிற்கிறது. வெளியில் நிற்கும் ஐந்தடுக்குகளில் இதற்கு மூத்தவர் ஒரே ஒருவர்தான், ஹோர்யூஜி கோயிலில் இருப்பவர்.

இடம் முரோஜி. நாரா மாகாணத்தில், உடா என்ற சின்ன நகரத்தின் எல்லைக்குள், மலைகளுக்கு இடையில் ஒளிந்திருக்கும் கோயில். ‘ஜி’ என்றாலே கோயில்தான். முரோஜி கோயில் என்று சொல்வது ‘நடு சென்டர்’ கதை. இருந்தாலும் அப்படியே சொல்லிக்கொள்வோம், வாய்க்கு வசதி.

ஜப்பானில் புத்த கோயில்கள் எத்தனை தெரியுமா? 70,000-க்கும் மேல்! தெருவுக்குத் தெரு விடிய விடியத் திறந்திருக்கிறதே கன்வீனியன்ஸ் ஸ்டோர், அதுவே நாடு முழுக்க 55,000 சொச்சம்தான். பால் பாக்கெட் வாங்கும் கடையைவிடக் கோயில் அதிகம்! ஆனால் பயணிகள் கூட்டம் கியோத்தோவிலும் நாரா நகரத்திலும் பத்துப் பதினைந்து கோயில்களிலேயே முட்டி மோதுகிறது. முரோஜிக்கு வர ஒசாகாவிலிருந்து கின்டெட்சு ரயிலில் ஒரு மணி நேரம்போல உட்கார்ந்து முரோகுச்சி-ஓனோ ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ், கால் மணி நேரம். மணிக்கு ஒரு பஸ் என்றால் அதுவே தாராளம். விட்டுவிட்டால் உட்கார்ந்து மலையைப் பாருங்கள்.

அதிலும் ஒரு லாபம் உண்டு. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஓனோதெரா என்ற சின்னக் கோயில் இருக்கிறது. அங்கே புத்தர் கோயிலுக்குள் இல்லை, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறார்! உடா ஆற்றின் எதிர்க்கரைப் பாறைச் சுவரில், வருங்கால புத்தரான மைத்ரேயரை 11 மீட்டருக்கு மேல் உயரமாகக் கோடு கோடாகக் கீறியிருக்கிறார்கள். புடைப்புச் சிற்பமல்ல, வெறும் கோடு! 1207-இல் உளியை வைத்து 1209-இல் முடித்தார்கள். கண் திறப்பு விழாவுக்குப் பட்டம் துறந்த பேரரசர் கோதோபாவே வந்தார். வெயில் நேர் எதிரே அடிக்கும்போது பாறை வெறும் பாறையாகத்தான் தெரியும். சாய்வு வெளிச்சம் விழுந்தால் போதும், முகம், தோள், கால் என்று ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

சரி, பஸ் வந்துவிட்டது. ஏறுங்கள்.

இறங்கினால் எதிரே சிவப்புப் பாலம், கீழே முரோ ஆறு. பாலத்துக்கு முன்னால் நாலைந்து கடைகள். அங்கே பச்சை நிறத்தில் மோச்சி விற்பார்கள். பிசுபிசு அரிசியை அவித்து, ‘யொமோகி’ என்ற இலையைச் சேர்த்து இடித்து, உள்ளே இனிப்புப் பயறு வைத்தது. யொமோகி வேறொன்றுமில்லை, நம் மாசிபத்திரிக்குப் பங்காளி. வாயில் போட்டதும் நம் ஆட்கள் ‘அட, பூரணக் கொழுக்கட்டை!’ என்பார்கள். கொழுக்கட்டைக்குச் சொந்தக்காரரும் ஜப்பானில் இருக்கிறார். அவரை அப்புறம் பார்ப்போம்.

பாலத்தைக் கடந்ததும் ஒரு கல்தூண். அதில் வெட்டியிருப்பது ‘பெண்களின் கோயா’. ஏன் தெரியுமா? ஷிங்கோன் பௌத்தத்தின் தலைமையிடமான கோயா மலையில் பெண்கள் காலடி வைக்கக் கூடாது! ஆண்டுக் கணக்கில் அல்ல, ஆயிரம் ஆண்டு அளவில் நீடித்த தடை. பெண்கள் மலை எல்லை வரை வந்து, அங்கே கட்டியிருந்த மண்டபங்களில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். 1872-இல்தான் மெய்ஜி அரசு ஓர் ஆணை போட்டு இப்படிப்பட்ட தடைகளை நீக்கியது. முரோஜியோ அதற்கு வெகுகாலம் முன்பே பெண்களை ‘உள்ளே வாங்கம்மா’ என்று கூப்பிட்டுவிட்டது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதற்குக் கைகொடுத்தவர் கெய்ஷோயின் என்ற பெண்மணி. ஐந்தாம் தோகுகாவா ஷோகன் சுனயோஷியைப் பெற்ற தாய்! கியோத்தோவில் காய்கறி விற்றவரின் மகள் என்று சொல்வதுண்டு. அவருடைய குடும்ப முத்திரை இன்னும் அந்தக் கல்தூணின் தலையில் இருக்கிறது. யார் யாரை எங்கே நிறுத்தினார்கள் என்பதற்கு அதைவிடச் சிக்கனமான பதில் வேண்டுமா?

வாசலில் இரண்டு காவல் பூதங்கள், நியோ. ஜப்பானில் எந்தக் கோயில் வாசலில் நியோ நின்றாலும் ஒருவர் வாய் திறந்திருக்கும், மற்றவர் வாய் மூடியிருக்கும். ஏன் தெரியுமா? வாய் திறந்தவர் ‘அ’ சொல்கிறார்! மூடியவர் ‘உன்’, அதாவது வடமொழியின் ‘ஹூம்’. முதல் ஒலியும் கடைசி ஒலியும். பேசாமலே ஒருவர் மனம் ஒருவருக்குப் புரிகிற ஜோடியை ஜப்பானியர் இன்றும் ‘அ-உன் மூச்சு’ உள்ளவர்கள் என்கிறார்கள்.

இந்த ‘அ’ சும்மா போகவில்லை. ஜப்பானியக் குழந்தைகள் படிக்கும் எழுத்து வரிசையைச் சொல்கிறேன், கேளுங்கள். அ, இ, உ, எ, ஒ! பிறகு க வரிசை, ச வரிசை, த, ந, ஹ, ம, ய, ர, வ. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அந்த ‘ஹ’ வரிசை பழங்காலத்தில் ‘ப’ என்றுதான் ஒலித்தது என்கிறார்கள் மொழியியலாளர்கள். அங்கே ‘ப’ போட்டுப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கும் அரிச்சுவடி அட்டையே எழுந்து ஜப்பான் போய்விட்ட மாதிரி இருக்கிறது! ‘பார்த்தீர்களா, தமிழ்!’ என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். மந்திரங்களைச் சரியாக உச்சரிக்க வேண்டும் என்பதற்காக ஜப்பானிய பௌத்தத் துறவிகள் ‘சித்தம்’ என்ற இந்திய எழுத்தை விழுந்து விழுந்து படித்தார்கள். அந்தப் படிப்பில் பிறந்த வரிசை இது. சித்தமும் பிராமியின் வழி, நம் எழுத்தும் பிராமியின் வழி. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம். சித்தம் எழுத்து இந்தியாவில் வழக்கொழிந்தது. ஜப்பானியக் கல்லறைகளில் நட்டு வைக்கும் மரப்பலகைகளில் இன்றும் தூரிகையால் எழுதுகிறார்கள். அந்தப் பலகைக்குப் பெயர் ‘சோதோபா’. ஸ்தூபம்தான், வேறென்ன!

இன்னும் இருக்கிறது. ஷிங்கோன் கோயில்களில் தீ வளர்த்துச் செய்யும் பூஜைக்குப் பெயர் ‘கோமா’. ஹோமம்! மந்திரத்தின் முடிவில் ‘சொவாகா’ என்பார்கள். ஸ்வாஹா! ஜப்பானிய மனைவி கணவனை ‘தன்னா’ என்கிறாள். கோயிலுக்குக் கொடுப்பவர் என்ற பொருளில் ‘தானம்’ கப்பலேறி, கொடுக்கிற எஜமானராகி, கடைசியில் வீட்டுக்காரரில் வந்து நின்றது. கபுகி நாடக மேடைக்கு அடியில் இருட்டாக ஒரு பள்ளம் இருக்குமே, நடிகர்கள் திடீரென்று மேலே எழும்பி வருவது அங்கிருந்துதான். அதற்குப் பெயர் ‘நராகு’. நரகமேதான்!

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், படி ஏற வேண்டும். ‘யொரோய்சாகா’ என்று பெயர், போர்வீரனின் கவசச் சரிவு. பெரிய கரடுமுரடுக் கற்களை அடுக்கிய படிக்கட்டு கவசத் தகடுகளை அடுக்கினது போல இருப்பதால் அந்தப் பெயர். ஏப்ரல் கடைசியில் வந்தால் இரு பக்கமும் ஷகுனகே என்ற ரோடோடென்ட்ரான் பூக்கள் இளஞ்சிவப்பில் பொங்கி வழியும். மலையில் மட்டும் 3,000 செடிகள் இருக்கின்றன என்கிறார்கள். கூட்டம் வருகிற ஒரே காலம் அதுதான், இலையுதிர்காலச் சிவப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். அமைதி வேண்டுமானால் குளிர்காலத்து வார நாளில் வாருங்கள். செருப்பைக் கழற்றி மரத்தரையில் கால் வைத்ததும் உள்ளங்கால் வழியாக உச்சந்தலை வரை குளிர் ஏறும். அதுவும் தரிசனத்தில் சேர்த்திதான்.

படி முடியும் இடத்தில் கொண்டோ, பிரதான மண்டபம். 9-ஆம் நூற்றாண்டுச் சிலைகளின் வீடு. இங்கே ஒரு துப்பறியும் கதை இருக்கிறது, தெரியுமா? நடுவில் நிற்கும் மூலவரை எல்லாரும் ஷாக்கா, அதாவது சாக்கிய முனி என்று கும்பிடுகிறார்கள். ஆனால் அவருக்குக் காவலாகச் செய்து வைத்திருப்பவர்களோ பன்னிரண்டு தளபதிகள்! அந்தப் படை சாக்கிய முனியின் படை அல்ல, மருத்துவ புத்தரான யாக்குஷியின் படை. மூலவருக்குப் பின்னால் இருக்கும் பிரபையிலும் யாக்குஷியின் உருவங்களையே வரைந்திருக்கிறார்கள். ஆக, யாக்குஷியாகப் பிறந்தவர் எப்போதோ பெயர் மாறியிருக்கிறார்! அந்தத் தளபதிகளும் லேசுப்பட்டவர்கள் அல்லர். ஆளுக்கொரு ராசி விலங்கு, ஆளுக்கொரு முகபாவம். போர் என்று வந்துவிட்டு, கன்னத்தில் கைவைத்து யோசித்துக்கொண்டிருப்பவரும் அந்தப் படையில் உண்டு. மாதக் கடைசியில் நம் முகம் அப்படியே அதுதான்.

மூலவருக்குப் பக்கத்தில் நெடுங்காலம் நின்ற ஜிஸோ போதிசத்துவரின் தலைக்குப் பின்னுள்ள பிரபை அவர் அளவுக்குப் பொருந்தவே பொருந்தாது, ரொம்பப் பெரிசு! அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி. அளவெடுத்த மாதிரி அதற்குப் பொருந்தும் ஜிஸோ எங்கே இருக்கிறார் தெரியுமா? சில கிலோமீட்டர் தள்ளி, சன்போன்மட்சு பக்கத்துக் கிராமத்தில்! வெள்ளத்தில் உடா ஆற்றோடு மிதந்து வந்தார், தூக்கிக்கொண்டு போனோம், ஓரிடத்தில் பாறை மாதிரி கனத்துவிட்டார், சரி இங்கேதான் இருக்க ஆசைப்படுகிறார் என்று கோயில் கட்டினோம் என்பது ஊர்க்கதை. இன்றும் அந்த ஊர்க்காரர்களே முறை போட்டுக் காப்பாற்றுகிறார்கள். சுகப்பிரசவம் வேண்டிப் பெண்கள் வருகிறார்கள். பிரபை ஓர் ஊரில், சாமி ஓர் ஊரில். யாரும் வழக்குப் போடவில்லை!

இன்னும் சில படி ஏறித் திரும்பினால், இருண்ட மரங்களுக்கு நடுவே, அதோ நம் குட்டிப் பகோடா. முதல் அடுக்கின் அகலமே இரண்டரை மீட்டர்தான். ஒரு சின்ன சமையலறை! கோபோ தாய்ஷி என்னும் மகான் ஒரே ராத்திரியில் கட்டி முடித்தார் என்று கதை சொல்வார்கள். நம்பாவிட்டாலும் அந்த அளவைப் பார்த்தால் கதை ஏன் பிறந்தது என்று புரிந்துவிடும்.

உச்சியைப் பாருங்கள். மற்றப் பகோடாக்களில் ஒன்பது வளையங்களுக்கு மேலே தீச்சுடர் மாதிரி ஓர் உலோக வேலைப்பாடு இருக்கும். இங்கே மட்டும் ஒரு குடம்! குடத்துக்கு மேலே ஒரு குடை! அந்தக் குடத்துக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? முரோ மலையின் நாகதெய்வம். ஷூயென் என்ற துறவி அதைப் பிடித்து உள்ளே அடைத்துவிட்டார் என்பது ஐதீகம். ஜப்பானியர் ‘ர்யூ’ என்பதை நாம் டிராகன் என்று படம் போட்டுக் கொள்கிறோம். பௌத்த நூல்களில் அது நம் நாகம்தான். இங்கே கோயில் வந்ததற்கே அந்த நாகம்தான் காரணம். ஆற்றோடு மேலே நடந்தால் நாககுகைக்கென்று ஒரு ஷிண்டோ கோயிலே இருக்கிறது. மழை பொய்த்தால் அரண்மனையிலிருந்து ஆள் அனுப்பி இங்கே வேண்டிக்கொள்வார்கள். 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாமாபே என்ற இளவரசர் படுத்த படுக்கையானபோது துறவிகள் இந்த மலைக்கு வந்து பிரார்த்தித்தார்கள், பிழைத்துக்கொண்டார், கோயில் எழுந்தது. பிழைத்தவர் யார் தெரியுமா? பின்னாளில் கன்மு பேரரசர். 794-இல் தலைநகரைக் கியோத்தோவுக்கு மாற்றியவர்! கியோத்தோ போய் செல்ஃபி எடுப்பவர்கள் முரோ நாகத்துக்கு ஒரு நன்றி சொன்னால் தப்பில்லை.

1998 செப்டம்பர் 22. புயல் ஒன்று மலையைப் புரட்டிப்போட்டது. பகோடாவுக்குப் பக்கத்தில் நின்ற 50 மீட்டர் உயர சுகி மரம், வயது 650 வருஷம் என்கிறார்கள், வேரோடு சாய்ந்தது. எங்கே விழுந்தது? பகோடாவின் மேலேயே! ஒரு மூலையில் ஐந்து அடுக்கின் கூரை விளிம்புகளும் கிழிந்து தொங்கின. படத்தைப் பார்த்தவர்கள் முடிந்தது கதை என்றுதான் நினைத்தார்கள். ஆனால் நடுத்தூண்? அசையவில்லை! அடுக்குகளின் எடையைத் தாங்காமல் நடுவில் தனியே நிற்கும் இந்த மரத்தூணைத்தான் ‘ஷின்பஷிரா’ என்கிறார்கள். 634 மீட்டர் உயரத்துக்கு எழுந்து 2012-இல் திறந்த தோக்கியோ ஸ்கைட்ரீயின் நடுவிலும் இதே யோசனையில் ஒரு கான்கிரீட் தூணை வைத்து, பெயரையும் அப்படியே வைத்துவிட்டார்கள். முரோஜிக்கு நாடு முழுவதிலுமிருந்து நன்கொடை வந்தது. 2000-இல் பகோடா பழையபடி நின்றது.

மறுபடி வேய்ந்த கூரை எதனால் தெரியுமா? ஓடு இல்லை, வைக்கோல் இல்லை. மரப்பட்டை! ஹினோக்கி என்ற சைப்ரஸ் மரத்தின் பட்டை, அதுவும் மரத்தை வெட்டாமல். எழுபது எண்பது வயதான மரத்தில் கயிறு கட்டி ஏறி, மரத்தால் செய்த தட்டைக் கோலைப் பட்டைக்கு அடியில் நுழைத்து, உயிர்த்தோல் காயப்படாமல் மேலோட்டை மட்டும் உரித்தெடுக்கிறார்கள். பத்து வருஷம் விட்டால் மறுபடி பட்டை வளர்ந்துவிடும். அதே மரத்துக்குத் திரும்ப வருவார்கள். இரண்டாம் முறை உரிப்பதுதான் நல்ல பட்டை என்பது தொழில்காரர் கணக்கு.

கூரை வேய்பவரைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஆணி எங்கே என்று தேடாதீர்கள். அவர் வாய்க்குள் இருக்கிறது! மூங்கிலைச் சீவி வறுத்த குட்டி ஆணிகளை ஒரு கைப்பிடி வாயில் போட்டுக்கொள்கிறார். நாக்கால் ஒன்றைத் திருப்பி உதட்டுக்கு நடுவே நீட்டுகிறார். கை எடுக்கிறது, பட்டையில் குத்துகிறது, சுத்தியல் ஒரு தட்டு. அதற்குள் அடுத்த ஆணி உதட்டில் வந்து நிற்கிறது. பட்டைமேல் பட்டையாக, விரல் அகலம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி அடுக்கிக்கொண்டே போகிறார். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது, வாய் நிறைய மூங்கில். இவ்வளவு பாடுபட்டு வேய்ந்ததும் முப்பது நாற்பது வருஷம்தான். அப்புறம் முதலிலிருந்து! இந்தக் கைவேலையைக் கோயில் தச்சு, பூச்சு வேலைகளோடு சேர்த்து 2020-இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. மரக்கோயில் 1,200 வருஷம் நிற்கிறது என்றால், தலைமுறைக்கு ஒரு முறையாவது யாரோ ஒருவர் வாயில் ஆணியோடு அதன்மேல் ஏறியிருக்கிறார் என்று அர்த்தம். எனக்கென்னவோ நாகத்தைவிட இது பெரிய அதிசயமாகப் படுகிறது.

கொழுக்கட்டைக்காரரை மறந்துவிட்டேனே! ஜப்பானில் பிள்ளையாருக்குப் பெயர் கங்கிதென். பெரும்பாலும் யாருக்கும் காட்டாமல் மூடிய பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அவருக்குப் படைக்கும் ‘கங்கிதான்’ என்ற எண்ணெயில் பொரித்த பலகாரம் சுருக்குப்பை வடிவில், பூரணம் வைத்து, அச்சு அசல் மோதகத்தின் தம்பி! இதே நாரா மாகாணத்து இகோமா மலையில் அவருக்குப் புகழ்பெற்ற கோயில் ஹோஸான்ஜி. அங்கே போகும் பக்தர்களுக்காக 1918-இல் ஓடத் தொடங்கியதுதான் ஜப்பானின் முதல் கேபிள் ரயில்! முழு நாட்டுக்கும் முதல்! சரஸ்வதி அங்கே பென்ஸைதென், இந்திரன் தைஷாகுதென், பிரம்மா பொன்தென், எமன் ‘எம்மா’. எமனுக்குப் பெயர்கூட அதிகம் மாறவில்லை பாருங்கள்.

பகோடாவுக்குப் பின்னால் இன்னும் 400 படி, உள்கோயிலுக்கு. சுகி மரங்களுக்கு நடுவே நேர்ச்செங்குத்து. வாசலிலிருந்து கணக்குப் போட்டால் மொத்தம் 700 படி. மூட்டு வலிக்காரர்கள் பகோடாவோடு நின்றுவிடலாம், ஒன்றும் குறைந்துவிடாது. படியில் ஏறவே முடியாத ஒருவர்தான் இந்தக் கோயிலை உலகத்துக்குக் காட்டினார், தெரியுமா?

தோமொன் கென். ஜப்பானின் மகா புகைப்படக்காரர். 1939-இல் முதல் தடவை முரோஜிக்கு வந்தார், பைத்தியமாகிவிட்டார். 40 ஆண்டு காலம் திரும்பத் திரும்ப வந்தார். சிலையின் விரல், உதடு, மடிப்பு, படிக்கல் என்று ஒன்றையும் விடவில்லை. பக்கவாதம் வந்தது, 1968-இல் மறுபடி வந்தது, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதும் விடவில்லை. உதவியாளர்கள் தூக்கிச் சுமக்க, மேலே போய்ப் படமெடுத்தார். ஆனால் ஒன்றே ஒன்று கிடைக்கவில்லை. பனி! எந்தப் பருவத்தில் முரோஜி மிக அழகு என்று கேட்டதற்குத் தலைமைத் துறவி ஒருவர், பனி மூடிய முரோஜிதான் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் எடுத்தவரிடம் அந்தப் படம் இல்லை!

1978-இல், 68 வயதில், நாராவுக்கு வந்து காத்திருந்தார். பிப்ரவரி போனது. மார்ச் வந்தது. நாராவின் தோதாய்ஜியில் 752 முதல் விடாமல் நடக்கும் ஓமிஸுதோரி விழா முடிந்தால் வசந்தம் வந்துவிடும் என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. அப்புறம் பனிக்குப் பேச்சே இல்லை. பாலத்தடி விடுதியில் போய்த் தங்கினார். மார்ச் 12 காலை. விடுதிக்காரம்மா ஓடிவந்து எழுப்பினார். வெளியே பாலம் வெள்ளை, படி வெள்ளை, மரம் வெள்ளை. அந்தப் படங்கள் அதே ஆண்டு புத்தகமாக வந்தன. அடுத்த வருஷம் மூன்றாம் முறையாகப் பக்கவாதம் தாக்கி நினைவிழந்தார் தோமொன் கென். 1990-இல் இறக்கும் வரை நினைவு திரும்பவில்லை.

அந்தப் பனி காலையில் கொஞ்ச நேரம்தான் நின்றது. வெயில் ஏறியதும் பகோடாவின் பட்டைக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிவிட்டது.